அந்தச் சடையைக் காய விட்டீர்களா?

போன புதன்கிழமை எனக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. மேலே 'பொதுமக்கள் நலன் கருதி' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்ட தலைப்பு. கீழே ஒரு கைப்பிடிக் கையெழுத்துகள். தேதி மட்டும் இல்லை.

தேதி போடாத கடிதம் என்றாலே எனக்குப் பாதி எரிச்சல் வந்துவிடும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எந்த நாளில் கோபம் வந்தது என்று சொல்லாத மனிதரோடு எப்படிப் பேசுவது? பூதக்கண்ணாடியை வைத்துத் தபால் முத்திரையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை போட்டிருக்கிறார்கள். அதாவது ஞாயிற்றுக்கிழமை காரியத்தைச் செய்து முடித்துவிட்டு, திங்கட்கிழமை இளைப்பாறிவிட்டு, செவ்வாய்க்கிழமை புகார் எழுதியிருக்கிறார்கள்!

மீதி எரிச்சல் கடிதத்தைப் படித்ததும் வந்தது.

'நமது தெருவில், பேக்கரியின் பின்சுவரில், சடை பிடித்த பெண் ஒருத்தி தலையைக் கழுவிவிட்டு வந்து சாய்ந்து உலர்த்துவதால் சுகாதாரக் கேடும் தேவையற்ற கூட்டமும் உண்டாகின்றன. குழந்தைகள் பயப்படுகின்றனர். தாங்கள் தங்கள் பத்தியில் இதை வன்மையாகக் கண்டித்து எழுத வேண்டும்.'

கண்டித்து எழுத வேண்டுமாம்.

சரி... கண்டித்தே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நடந்ததில் ஒன்றையும் மாற்றவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் முத்துக்கனி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதை ஒட்டிய வயது. தனியாள். தூத்துக்குடியில் திரேஸ்புரம் போகிற வழியில் ஓலைக் குடிசை. துறைமுகச் சாலையில், எங்கள் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் நிலாவாரை குடோனில் வேலை. நிலாவாரை என்பது மருந்துக்காகக் கப்பலேறிப் போகும் இலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு வேறு, பழுப்பு வேறு, நல்ல இலை வேறு என்று பிரித்துப் போடுவார்கள்.

இவள் தலையில் சடை. பின்னிப் பூ வைக்கிற சடையைச் சொல்லவில்லை. சிக்குப் பிடித்து, திரித்திரியாக இறுகி, தோணிக் கயிறு போல இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை. எப்போதோ டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தாளாம். எழுந்து உட்கார்ந்தபோது பின்னந்தலையில் சீப்பு இறங்கவில்லை. 'வெட்டு' என்றது பாதி ஊர். 'அம்மன் இறங்கியிருக்கா, கத்திரி படக் கூடாது' என்றது மீதி ஊர். இவள் இரண்டு பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்கூட ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"வெட்டிட்டா நிம்மதிதான முத்துக்கனி?"

"நீங்க மீசைய எடுத்துட்டா நிம்மதிதான ஸார்? ஏன் வச்சிருக்கிய?"

என் கை தானாக மீசைக்குப் போனது. அவள் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு இது முடி ஸார். சாமியும் இல்ல, சீக்கும் இல்ல. காய்ச்சல்ல கெடந்தப்ப எங்கூடவே கெடந்தது இது ஒண்ணுதான். அத எதுக்கு வெட்டிப் போடணும்?"

அவ்வளவுதான் விஷயம். அவளுடைய தலை, அவளுடைய முடி. இதில் நமக்கு என்ன வேலை?

ஆனால் நாம் சும்மா இருப்போமா?

சடையைக் கழுவுவது பெரிய காரியமில்லை. காய வைப்பதுதான் காரியம். சாதாரணத் தலைமுடி என்றால் துவட்டி, உதறி, சாம்பிராணி காட்டினால் முடிந்தது. சடை அப்படியல்ல. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போல இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே இருந்து தண்ணீர் வரும். உள்ளே ஈரம் நின்றால் பூசணம். பூசணம் வந்தால் வாடை. முழுக்க நனைந்த சடையின் கனமோ, பின்னந்தலையில் ஒருவர் பிடித்துத் தொங்குவது போல இருக்குமாம். கோடையில் எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு பகல் போதும். மார்கழியில்?

தூத்துக்குடியில் ஏது குளிர் என்று கொடைக்கானல் வாசகர்கள் சிரிக்க வேண்டாம். குளிரை டிகிரி கணக்கில் மட்டும் அளக்கக் கூடாது. மார்கழியில் இங்கே வாடைக்காற்று கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். வெயில் தலையைக் காட்டும், உடனே மேகத்துக்குள் போய்விடும். கொடியில் போட்ட வேட்டி மறுநாள் காலையிலும் சில்லென்று கிடக்கும். வேட்டிக்கே இந்தக் கதி. சடைக்கு?

இந்த மழைக்காலத்தில் முத்துக்கனியின் சடையில் வாடை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து இலை பிரிப்பவள் மூக்கைப் பொத்திக்கொண்டு புகார் சொன்னாள். சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் மேஸ்திரி கூப்பிட்டாராம்.

"ஏளா, திங்கக்கெழம வரும்போது தலைய கழுவிட்டு வரணும். ஒனக்குப் பக்கத்துல ஒருத்தி ஒக்கார மாட்டேங்கா. ஆனா ஈரத்தோட வந்தியோ, வாசலோட போயிர வேண்டியதுதான். எலை ஈரம் பட்டுக் கறுத்துட்டுன்னா கப்பலுக்கு ஏத்த மாட்டான், பாத்துக்கோ."

திங்கட்கிழமைதான் பெரிய ஆர்டருக்கு ஆள் எடுக்கிற நாள். அன்று உள்ளே உட்கார்ந்தவர்களுக்குப் பொங்கல் வரை வேலை. வெளியே நின்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. மழைக்காலத்தில் உப்பளமும் மூடிக் கிடக்கும். வேறு எங்கே போவது?

ஆக, கழுவவும் வேண்டும், காயவும் வேண்டும். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாடைக்காற்றிடம் லீவு கேட்க முடியுமா?

முத்துக்கனி யோசித்துக் கண்டுபிடித்த இடம்தான் பேக்கரிச் சுவர்.

எங்கள் தெருவில் ஜெபமணி அண்ணாச்சியின் பேக்கரி இருக்கிறது. நாசரேத் பக்கத்துக்காரர். நல்ல மனிதர் என்றுதான் போன ஞாயிறு வரை நினைத்திருந்தேன். அவருடைய விறகு அடுப்பின் முதுகு பின்சந்துச் சுவரோடு ஒட்டியிருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டதால் கேக் வேலை ஓயாமல் நடக்கிறது. அடுப்பு அணைவதே இல்லை. வெளியே இருந்து சுவரில் கை வைத்தால், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போலச் சுடும். சந்தில் உள்ள பூனைகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம ஒங்க செவுத்துல செத்த நேரம் சாஞ்சிக்கிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"செவுருதான? சாஞ்சிக்கோ. பேத்து எடுத்துட்டுப் போயிராத" என்றிருக்கிறார் அண்ணாச்சி.

மார்கழி முதல் ஞாயிறு. வெள்ளென எழுந்து சீயக்காய் போட்டு அலசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சுவரில் இருந்த பழைய ஆணிகளில் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, சடையைத் திரி திரியாகப் பிரித்து அதன்மேல் போட்டுக்கொண்டாள். முதுகைச் சுவரில் சாய்த்தாள். மடியில் ஒரு காய்ந்த துண்டு. ஒவ்வொரு திரியாக எடுத்து, துண்டுக்குள் வைத்து, பிசையாமல் அழுத்தினாள். என் வீட்டு ஜன்னலுக்கு நேரே அந்தச் சந்து. பேப்பர் படித்துக்கொண்டே பார்த்தேன். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பாட்டாக இருக்கலாம்.

குளிர்ந்த காற்று, சூடான சுவர், நடுவில் ஈரச் சடை. என்ன ஆகும்? ஆவி வரும். வந்தது. கழியில் கிடந்த சடையில் இருந்து வெள்ளையாகச் சுருள் சுருளாக ஆவி எழும்பியது. இட்லிப் பானையைத் திறந்தால் வருமே, அதேதான்.

அந்த நேரம் பார்த்து, மார்கழிப் பொங்கல் வாங்கிக்கொண்டு பிள்ளையார் கோயிலில் இருந்து வந்தார் காந்திமதியம்மாள். ஓவர்சியர் வீட்டம்மா. கடிதத்தில் முதல் கையெழுத்து இவருடையதுதான்!

"ஏளா... என்னளா இது? தலையில பொகை வருது!"

"ஆவிக்கா. செவுரு சூடால்லா இருக்கு..."

"செவுரா? ஆத்தா கொதிக்கா! பாருங்களா, ஆத்தா கொதிக்கா!"

வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டபோது ஓர் ஆள் வெளியே வரவில்லை. இப்போது சந்து நிறைந்துவிட்டது. அம்மனுக்கு உக்கிரம் ஏறினால் என்ன செய்ய வேண்டும்? குளிர்விக்க வேண்டும். எதைக் கொண்டு? மஞ்சள் தண்ணீர். கொண்டுவந்துவிட்டார்கள், குடம் குடமாக.

வேப்பிலையோடு முதல் குடம் தலையில் இறங்கியது. முத்துக்கனி அலறிக்கொண்டு எழுந்தாள். சடை கழியில் சிக்கி இழுத்தது. எழ முடியவில்லை.

"ஐயோ, ஊத்தாதிய! ஊத்தாதிய தாயீ! நாளைக்கு வேலைக்குப் போணும்!"

"கேட்டியளா? வேலைன்னு சொல்லுதா!" காந்திமதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பையன் பி.காம். முடித்துவிட்டு எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுக்கு நடந்துகொண்டிருக்கிறான். "யாருக்கு வேலை தாயே? எம் மவனுக்கா?"

"எனக்குக்கா! எனக்கு வேலை!"

"தனக்கு வேலை இருக்காம். எங்கயோ கெளம்புதா ஆத்தா. போகுமுன்ன நல்லா குளுர ஊத்துங்களா!"

இரண்டாவது குடத்தில் நான் சந்துக்கு ஓடினேன். கத்தினேன். "அம்மா, அது அடுப்புச் சூடு! பேக்கரி அடுப்பு!" யார் கேட்டார்கள்? சாமி காரியத்தில் குறுக்கே வராதீர்கள் என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். அவர் ஹைஸ்கூலில் சயன்ஸ் சொல்லிக்கொடுப்பவர். ஆவி என்றால் என்னவென்று அவருடைய மாணவர்கள் யாராவது அவருக்குச் சொன்னால் நல்லது.

மூன்றாவது குடம் பாதி அவள்மேலும் பாதி சுவர்மேலும் போயிற்று. 'டமார்' என்று ஒரு சத்தம். சூடேறிய சுவர், பச்சைத் தண்ணீர் பட்டதும் காரை வெடித்து மேலிருந்து கீழ்வரை பிளந்தது. உள்ளே கேக் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் அடுப்பே வெடித்துவிட்டது என்று பயந்து அடுப்புக் கதவைத் திறந்துவிட்டார்கள். பாதி வெந்த கேக் அத்தனையும் அமுங்கிப் போயிற்று.

கூட்டம்? சத்தம் கேட்டதும் ஆத்தாவை அம்போவென்று விட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குள்!

சந்தில் மிஞ்சியது முத்துக்கனி மட்டும். தலையில் இருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, கழியில் சிக்கிய சடையை எடுத்துக்கொண்டிருந்தாள். வேப்பிலைகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டாள். நானும் என் மனைவியும் இரண்டு துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள்.

சர்ச்சுக்குப் போயிருந்த ஜெபமணி அண்ணாச்சி அந்த நேரத்தில்தான் திரும்பி வந்தார். சுவரைப் பார்த்தார். அமுங்கிய கேக்குகளைப் பார்த்தார். பிறகு யாரைத் திட்டினார் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் ஊற்றியவர்களையா?

"எந்திரிச்சுப் போளா! இனிமே இந்தப் பக்கம் தலையக் காட்டாத!"

தலையைக் காட்டியதுதானே அவள் செய்த குற்றம்!

அன்றைக்கு மீதிப் பகல் முழுக்க மேகம். ராத்திரி குடிசைக்குள் தணலை வைத்து, சாம்பிராணி போட்டு, விடிய விடிய வாட்டியிருக்கிறாள். திங்கட்கிழமை காலை நான் ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது எதிரே குடோன் கேட்டில் வரிசை நின்றது. முத்துக்கனி முந்தானையால் தலையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

மேஸ்திரி முந்தானையை விலக்கச் சொன்னார். குனிந்து மோந்து பார்த்தார். ஆள் எடுக்கிற முறையைப் பாருங்கள்!

"ம்... நாத்தம் இல்ல." பிறகு கனமான ஒரு திரியைக் கையில் எடுத்து, மூட்டையை அழுத்திப் பார்ப்பது போல அழுத்தினார். விரித்த உள்ளங்கையில் மஞ்சள் ஈரம்.

"என்னளா இது? மஞ்சளா? எலையில இது பட்டா கறை போவுமா?"

"நானா அண்ணாச்சி பூசிக்கிட்டேன்? தெருவே கூடி ஊத்துனாளுவ. ஒரு ஓரமா ஒக்காந்துக்கிடுதேன். தலைய சாக்கு வச்சுக் கெட்டிக்கிடுதேன். பட்டுச்சுன்னா அப்ப வெளிய தள்ளுங்க."

"அதெல்லாம் நடக்காது. கத்திரி தாரேன், வெட்டிட்டு வா. இந்த நிமிசமே உள்ள விடுதேன்."

முத்துக்கனி முந்தானையை இழுத்துத் தலையை மறுபடி மூடிக்கொண்டாள்.

"நேத்து என் தலையக் கும்புட்டாளுவ," என்றாள் முத்துக்கனி. "இன்னைக்கு நீரு அதே தலைய வெட்டுங்கீரு. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒரு வா சோத்துக்கு வழி இருக்கா அண்ணாச்சி?"

மேஸ்திரி உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் சாலையைத் தாண்டிப் போய்ப் பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "கப்பக்காரனுக்கு இதெல்லாம் புரியுமா ஸார்?" என்றார். கப்பக்காரனுக்குப் புரிவது இருக்கட்டும்... உமக்குப் புரிந்ததா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஜெபமணி அண்ணாச்சியிடம் போனேன். பின்சுவர் நெடுக உடைமர முள்ளை வெட்டி அடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தண்ணி ஊத்துனது அவளா?"

"அவ ஒக்காராம இருந்திருந்தா ஊத்தியிருப்பாளுவளா ஸார்? எரக்கப்பட்டதுக்குக் கெடச்ச கூலி!"

"ஊத்தினவங்களைக் கேட்டீங்களா?"

அவர் முள்ளை இன்னும் கொஞ்சம் நெருக்கிவைத்தார். "அவங்கல்லாம் நம்ம வாடிக்கைக்காரங்கல்லா..."

பாருங்கள்! இதுதான் என் வயிற்றெரிச்சல். கேக் வாங்குகிறவர்கள் மேல் கோபம் வராது. சுவரில் சாய்கிறவள் மேல் வரும். நாம் எல்லோரும் கோபத்தை இப்படித்தான் செலவு செய்கிறோம், திருப்பிக் கேட்க ஆள் இல்லாத இடமாகப் பார்த்து.

இன்னொன்றும் சொல்கிறேன். காந்திமதியம்மாள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு ஹேர் டிரையர் இருக்கிறது. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்தது. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். எங்கள் தெருவுக்கு விருந்தாளி வந்தால் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அதைச் சுவிட்சில் மாட்டி யாரும் பார்த்ததில்லை. முத்துக்கனிக்கு அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனதை யாரிடமும் எதிர்பார்க்கும் வயது எனக்குப் போய்விட்டது. உங்களிடம் இருப்பதைத் தர வேண்டாம். அவளாகத் தேடிக்கொண்ட சூட்டில் தண்ணீர் ஊற்றாமல் இருந்திருக்கலாமே?

ஞாயிற்றுக்கிழமை அம்மன். செவ்வாய்க்கிழமை சுகாதாரக் கேடு. நடுவில் ஒரே ஒரு திங்கட்கிழமை. கடிதத்தில் தேதி ஏன் இல்லை என்று இப்போது புரிகிறதா? போட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

குழந்தைகள் பயப்படுகிறார்களாம். அவர்கள் பயந்தது சடையைப் பார்த்து அல்ல. குடத்தோடு ஓடிவந்த அம்மாக்களைப் பார்த்து. நான் ஜன்னலில் இருந்தேன். எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை முத்துக்கனியின் குடிசைக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஆழ்வார்திருநகரிக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் குடிசையில் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி, புறப்படும்போது தலையில் முக்காடு இருந்தது என்றாள். இன்னொருத்தி, முக்காட்டுக்குக் கீழே சடை தொங்கவில்லை என்றாள். முதலாமவள், மழைக்காக அள்ளி முடிந்திருப்பாள் என்றாள்.

திரும்பி வரும்போது தெருமுனையில் காந்திமதியம்மாள் நிறுத்தினார். கடிதம் கிடைத்ததா என்று கேட்பார் என நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்று கேட்டார்.

"ஸார்... அவ சடைய வெட்டிட்டாளாமே? நெசமா? ஒங்ககிட்டதான் அவ நல்லா பேசுவா. அதுல ஒரு துண்டு வாங்கித் தருவியளா? வாசல் நெலையில கெட்டணும்."

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

முத்துக்கனி சடையை வெட்டினாளா, இல்லையா? தெரியாது. இது நான் சரிபார்க்காத தகவல். ஊர் பெயர் தெரியும். பஸ்ஸும் இருக்கிறது. போய்ப் பார்த்து, தேதியோடு எழுதிவைப்பதுதான் என் வழக்கம். இந்த ஒன்றை மட்டும் சரிபார்க்கப் போவதில்லை.

தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்!